தொடர் நாவல்களைப் படிப்பதும் திரும்பப் படிப்பதும்: மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"முடிச்ச புத்தகத்தையே மறுபடியும் ஏன் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?" இளையோர் தொடர் நாவல்களில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் பலரும் வீட்டில் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. கேட்பவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. கதை தெரிந்துவிட்டால் புத்தகத்தோடு வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஐந்து, ஏழு என்று புத்தகங்கள் நீளும் தொடரை எழுதுகிறவர், இரண்டாம் புத்தகத்தில் ஒரு பொருளை ஓரமாக வைத்துவிட்டு ஆறாம் புத்தகத்தில் வந்து எடுப்பார். முதல் தடவை படிக்கும்போது அது நம் கண்ணில் படாது. படக்கூடாது என்றுதான் அவர் அப்படி வைக்கிறார்.

அதனால் என் கட்சி இதுதான். முதல் தடவை கதைக்காக மட்டும் படியுங்கள், வேகமாக, பேராசையோடு. ஆராய்ச்சி, அலசல் எல்லாம் இரண்டாம் தடவைக்கு இருக்கட்டும். இரண்டாம் தடவை போகும்போது கையில் ஒரு கேள்வியோடு போங்கள். இந்த இரண்டையும் பள்ளி, கல்லூரிப் படிப்புக்கு நடுவே எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆறாம் படியில் ஹாரி பாட்டர் தொடரின் சில முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறேன். அதை இன்னும் படிக்காதவர்கள் அந்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

படி 1: எந்த மாதிரித் தொடர் என்று பாருங்கள்

'இளையோர் நாவல்' என்று பதிப்பாளர்களும் நூலகர்களும் சொல்வது பொதுவாக 12 முதல் 18 வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட புத்தகங்களை. இந்த வேலி ரொம்பக் கறாரானது அல்ல. ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் சிறுவர் கதை, ஏழாவது அப்படியல்ல. நாயகனுக்கு முதல் புத்தகத்தில் 11 வயது, கடைசியில் 17. அவனோடு சேர்ந்து எழுத்தும் வளர்கிறது.

தொடர்களைக் கிட்டத்தட்ட மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒரே கதையைத் துண்டு போட்டது முதல் வகை. 2008, 2009, 2010 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்த த ஹங்கர் கேம்ஸ் மூன்று புத்தகங்களும் இப்படித்தான். நடுவில் நிறுத்தினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரி இருக்கும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. அடியில் பெரிய கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஹாரி பாட்டரும், கிரேக்கப் புராணத்தை இன்றைய உலகத்துக்குக் கொண்டுவந்த பெர்சி ஜாக்சனும் இந்த ரகம். மூன்றாம் வகையில் உலகம் மட்டும் பொது. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இதை முதலிலேயே ஏன் பார்க்க வேண்டும் என்றால், எங்கே நிறுத்தலாம் என்பது இதில்தான் இருக்கிறது. முதல் வகைத் தொடரை மூன்று புத்தகங்களும் கைக்கு வந்த பிறகு தொடங்குவது நல்லது. இரண்டாம் வகையில் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு ஒரு மாதம்கூட நிம்மதியாக இருக்கலாம். மூன்றாம் வகையில் எதை வேண்டுமானாலும் தள்ளிப் போடலாம்.

தொடர் முடிந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 'முடிந்தது' என்ற சொல்லை அவ்வளவாக நம்ப வேண்டாம். உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ தொடரின் மூன்றாம் புத்தகம் 1972-இல் வந்தது. மூன்றோடு சரி என்று எல்லாரும் இருந்தபோது, 18 வருடம் கழித்து 1990-இல் நான்காவது வந்தது. 2009-இல் ஐந்தாம் புத்தகத்தோடு முடிந்த பெர்சி ஜாக்சன் 2023-இல் மறுபடி திறந்தது.

படி 2: எந்த வரிசையில் படிப்பது?

என் பதில் நேரானது: வெளிவந்த வரிசையில். கதைக்குள் எது முதலில் நடந்தது என்ற கால வரிசையை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பழைய சண்டை நார்னியாவைப் பற்றியது. 1950 முதல் 1956 வரை ஏழு புத்தகங்கள். முதலில் வந்தது, ஒரு சிறுமி அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டுக்குள் போகும் கதை. அங்கே, நடுக்காட்டில், ஒரு தெருவிளக்குக் கம்பம் நிற்கிறது. காட்டுக்குள் தெருவிளக்கு எப்படி வந்தது? புத்தகம் சொல்லாது. பதில் 1955-இல் வந்த ஆறாவது புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கதை நடப்பதோ எல்லாவற்றுக்கும் முன்னால். இன்று கடைகளில் கிடைக்கும் பதிப்புகள் பெரும்பாலும் அந்த ஆறாவதுக்கு எண் 1 போட்டிருக்கின்றன. அதை நம்பித் தொடங்குகிறவருக்கு விளக்குக் கம்பம் வந்த கதை முதலிலேயே தெரிந்துவிடும். அப்புறம் சிறுமி பனியில் அதைப் பார்த்துத் திகைக்கும்போது அவருக்கு எந்தத் திகைப்பும் இருக்காது. தவிர, அலமாரிக் கதையில் அஸ்லான் என்ற சிங்கத்தின் பெயர் முதன்முதலாக வரும் இடத்தில், அது யார் என்று உங்களைப் போலவே அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது என்று கதைசொல்லி சொல்கிறார். வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அந்த வாக்கியமே செத்துவிடுகிறது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் சி. எஸ். லூயிஸ் 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், அவன் சொன்ன கால வரிசைதான் தனக்கும் பிடிக்கிறது என்றார்; எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் அதிலேயே சொன்னார். எழுதியவரே சொன்னாலும் நான் என் கட்சியை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

முன்கதைப் புத்தகங்களுக்கும் இதே விதிதான். ஹங்கர் கேம்ஸ் முன்கதை ஒன்று 2020-இல் வந்தது. முதல் புத்தகத்துக்கு 64 வருடங்களுக்கு முன்னால் நடப்பது. மூன்று புத்தகங்களில் நாம் வெறுத்த கிழவர் அதில் 18 வயதுப் பையன். அந்த வெறுப்பு மனதில் இருக்கும்போது படித்தால்தான் அந்தப் புத்தகத்துக்குக் கூர்மை.

எல்.எம். மாண்ட்கோமெரியின் ஆன் தொடரில் இது இன்னும் விசித்திரம். முதல் புத்தகம் 1908. கதையில் கடைசியாக நடப்பது 1921-இலேயே வந்துவிட்டது. நடுவில் விட்ட வருடங்களை நிரப்பும் இரண்டு புத்தகங்களை ஆசிரியர் 1936-லும் 1939-லும்தான் எழுதினார். இதில் மட்டும் கால வரிசையில் போனாலும் பாதகமில்லை. அங்கே ஒளித்துவைத்த முடிச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

படி 3: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

மாணவருக்கு இது தவிர்க்க முடியாத வேலை. 'ஒரு புத்தகம்' என்பது ஓர் அளவே அல்ல. ஹாரி பாட்டர் முதல் புத்தகம் ஆங்கிலத்தில் சுமார் 77,000 சொற்கள். ஐந்தாவது சுமார் 2,57,000. நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு முதலாவது ஆறரை மணி நேரத்துக்குள் முடியும். ஐந்தாவது 21 மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். இரண்டையும் 'வார இறுதியில் முடித்துவிடலாம்' என்று நினைத்தால் திங்கட்கிழமை அவஸ்தைதான்.

உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். நடுவில் ஒரு அத்தியாயத்தை எடுத்து, அரை மணி நேரம் வழக்கம்போலப் படித்துவிட்டு எத்தனை பக்கம் போயிருக்கிறது என்று பாருங்கள். மீதிப் பக்கங்களை அதால் வகுத்தால் எத்தனை அரை மணி நேரம் வேண்டும் என்று தெரிந்துவிடும். தொடக்க அத்தியாயத்தை வைத்து அளக்காதீர்கள். புது உலகம், புதுப் பெயர்கள் என்று அங்கே எல்லாருக்கும் வேகம் குறையும்.

அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்துவதும் ஆபத்து. 'இந்த அத்தியாயத்தோடு மூடிவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு விடிய விடியப் படித்தவர்களுக்கு இது தெரியும். அத்தியாயத்தின் கடைசி வரி நம்மை அடுத்த பக்கத்துக்கு இழுப்பதற்காகவே செதுக்கப்பட்டது. இது ஒன்றும் புது வித்தை இல்லை. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்தபோது, ஒரு வாரம் முழுக்க வாசகரைத் தவிக்க விடும் வேலையை அந்தக் கடைசி வரிகள்தான் செய்தன. ஹங்கர் கேம்ஸ் எழுதிய சூசன் காலின்ஸ் தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகியவர். எங்கே வெட்டினால் பார்ப்பவர் எழுந்து போக மாட்டார் என்பது அவருக்குக் கைவந்த கலை. அதனால் நிறுத்துவதானால் அத்தியாயத்தின் நடுவில், ஆட்கள் நடந்துபோகிற அல்லது சாப்பிடுகிற ஒரு சாதுவான பத்தியில் நிறுத்துங்கள். தூக்கம் வரும்.

படி 4: முதல் வாசிப்பில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

அடிக்கோடு போடாதீர்கள். 'இதில் என்ன குறியீடு' என்று தேடாதீர்கள். முடிவை இணையத்தில் பார்க்காதீர்கள். இந்தக் கடைசி விஷயத்தில் ஆய்வுகள் என் பக்கம் முழுசாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திலிருந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதைகளைப் படித்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் நேர்மாறான முடிவுகளும் உண்டு. எப்படியானாலும் அது சிறுகதை. நாலாயிரம் பக்கத் தொடரில் முதல் தடவை தெரியாமல் போவது என்பது ஒரே ஒரு முறை கிடைப்பது. தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இரண்டாம் தடவை இருக்கிறதே.

மின்னூல் வாசிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு பெயர் யாருடையது என்று மறந்துபோய்த் தேடினால், அந்தப் பெயர் வரும் எல்லா இடங்களையும் கருவி வரிசையாகக் காட்டிவிடும், கடைசி அத்தியாயம் உட்பட. பெயர் மறந்தால் நாலு பக்கம் பின்னால் புரட்டிப் பாருங்கள், போதும்.

உங்கள் தாய்மொழி அல்லாத மொழியில் படிக்கிறீர்களா? அப்படியானால் தொடரைப் போல உதவி செய்யும் ஆசிரியர் கிடையாது. மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் 1981-லேயே இதை எழுதினார்: பல தலைப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதைவிட, ஒரே எழுத்தாளரை அல்லது ஒரே பொருளைத் தொடர்ந்து படிப்பது சொற்களை எளிதாக மனதில் நிறுத்தும். காரணம் சாதாரணமானது. எழுத்தாளர் தனக்குப் பிடித்த சொற்களைத் திரும்பத் திரும்பப் போடுவார். ஆட்களும் இடமும் நமக்கு ஏற்கெனவே தெரியும். முதல் புத்தகத்தின் முதல் 50 பக்கம் மலையேற்றம். இரண்டாம் புத்தகத்தைத் தொடங்கும்போது பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

ஆனால் பொருத்தமான தொடரை எடுக்க வேண்டும். 100 சொல்லில் 98 தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் வசதியாகப் படிக்க முடியும் என்று சொல்லறிவு ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு பக்கத்தில் 300 சொல் இருந்தால் தெரியாதவை ஆறுக்குள் இருக்க வேண்டும். கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து எண்ணிவிடலாம். பத்துப் பன்னிரண்டு வந்தால் வேறு தொடர், அல்லது அதே தொடரின் மொழிபெயர்ப்பு. படிக்கும்போது ஒரு சொல் மூன்றாம் தடவை எதிர்ப்பட்டால் மட்டும் அகராதியைத் திறங்கள். கற்பனை உலகத் தொடர்களில் பாதிச் சொற்கள் ஆசிரியரே உண்டாக்கியவை. அவை எந்த அகராதியிலும் இருக்காது.

படி 5: இரண்டு புத்தகங்களுக்கு நடுவே அரைப்பக்கம்

முதல் வாசிப்பில் நான் அனுமதிக்கும் ஒரே எழுத்து வேலை இது. ஒரு புத்தகத்தை முடித்ததும், அடுத்ததைத் திறக்கும் முன், ஒரு தாளில் அரைப்பக்கம் எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். மூன்று விஷயம் போதும்: யார் எங்கே இருக்கிறார்கள், எந்த ரகசியம் யாருக்கெல்லாம் தெரியும், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்து இன்னும் நிறைவேற்றவில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். தொடர் நாவலில் குழப்பம் வருவது பெரும்பாலும் 'இது இவனுக்குத் தெரியுமா, தெரியாதா?' என்பதில்தான். அடுத்த புத்தகம் வெளிவர ஒரு வருடம் ஆனாலும், நூலகத்தில் வேறொருவர் எடுத்துப்போய் இரண்டு மாதம் ஆனாலும், இந்த அரைப்பக்கம் உங்களை ஐந்து நிமிடத்தில் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடும். ஹாரி பாட்டரின் நான்காம் புத்தகத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே மூன்று வருடங்கள், 2000 முதல் 2003 வரை. அப்போது காத்திருந்த வாசகர்கள் முந்தைய நான்கையும் முதலிலிருந்து படித்தார்கள். அதிலிருந்தே பலருக்குத் திரும்பப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

'அடுத்து என்ன நடக்கும்?' என்று ஒரு வரி ஊகமும் எழுதிவையுங்கள். தப்பாகப் போனால் இன்னும் நல்லது. ஆசிரியர் உங்களை எந்தப் பக்கம் பார்க்க வைத்தார் என்பதற்கு அதுதான் ஆதாரம். இரண்டாம் வாசிப்பில் அந்தக் காகிதம் தேவைப்படும்.

படி 6: திரும்ப வாசிப்பு

இங்கேதான் சுவாரசியம் எல்லாம்.

கடைசிப் புத்தகத்தை மூடிய அதே நாளில், முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஹாரி பாட்டரின் முதல் அத்தியாயத்தில் ஒரு ராட்சத உருவ மனிதர் பறக்கும் மோட்டார் சைக்கிளில் குழந்தையைக் கொண்டுவந்து சேர்க்கிறார். வண்டி ஏது என்று கேட்கிறார்கள். சிரியஸ் பிளாக் என்பவர் கொடுத்தார் என்கிறார். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. 1997-இல் அந்தப் பெயரை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். 1999-இல் வந்த மூன்றாம் புத்தகம் முழுக்க அந்த ஆளைச் சுற்றித்தான். தொடரை முடித்துவிட்டு வந்து அந்த ஒரு வரியைப் பார்க்கும்போது, குழந்தையைக் கொண்டுவந்தவருக்கு வண்டியைக் கொடுத்தவன் அந்த இரவில் என்ன மனநிலையில் இருந்திருப்பான் என்று தோன்றும். முதல் தடவை அது வெறும் பெயர்.

இன்னொன்று இதைவிட நுணுக்கம். 1998-இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் ஹாரி வழி தவறி ஒரு இருட்டுக் கடைக்குள் போய்விடுகிறான். ஆட்கள் வரும் சத்தம் கேட்டு ஒரு பெரிய கறுப்பு அலமாரிக்குள் ஒளிகிறான். உள்ளே வருவது டிராகோவும் அவன் அப்பாவும். டிராகோ கடையைச் சுற்றிப் பார்த்தபடி வந்து, அலமாரியின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டுகிறான். அப்பா கூப்பிட்டதும் போய்விடுகிறான். நமக்கு 'அப்பாடா'. அதே புத்தகத்தில் சில அத்தியாயம் தள்ளி, பள்ளியில் ஒரு குறும்புப் பேய் இன்னோர் அலமாரியைக் கீழே போட்டு உடைக்கிறது. அதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். 2005-இல் வந்த ஆறாம் புத்தகத்தில்தான் தெரிகிறது, அவை இரண்டும் ஒரு ஜோடி. உடைந்ததைச் சரிசெய்து, அந்த வழியாக எதிரிகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவது அன்று கைப்பிடியில் கை வைக்கப்போன அதே டிராகோ. இரண்டாம் வாசிப்பில் அந்தக் கடைக் காட்சியில் பயப்பட வேண்டியது ஹாரிக்காக அல்ல என்று புரியும்.

இப்படிப்பட்ட இடங்களைப் பிடிக்க, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வியோடு போவது நல்லது. எல்லாவற்றையும் கவனிக்கிறேன் என்று போனால் கதை மறுபடி இழுத்துக்கொண்டு போய்விடும். வேலை செய்யும் கேள்விகள் சில:

ஒரு பொருள் எங்கெங்கே வருகிறது? மேலே பார்த்த அலமாரி மாதிரி. மின்னூலில் தேடும் வசதி முதல் வாசிப்பில் எதிரி என்றேன். இங்கே அதுவே கூட்டாளி.

கதை சொல்கிறவருக்குத் தெரியாதது என்ன? ஹங்கர் கேம்ஸ் முழுக்க 16 வயதில் கதையில் நுழையும் காட்னிஸின் குரலில், நிகழ்காலத்தில் நடக்கிறது. அவள் பார்ப்பதுதான் நமக்கும். அப்பா சுரங்க விபத்தில் இறந்தபின் அம்மா பேச்சில்லாமல் முடங்கிப்போக, 11 வயதில் குடும்பம் மொத்தமும் தன் தலையில் விழுந்ததை அவள் மன்னிக்கவில்லை. முதல் வாசிப்பில் நாமும் மன்னிப்பதில்லை. சில வருடம் கழித்துப் படித்தால், அம்மாவுக்கு வந்தது சோம்பலோ பாசக்குறைவோ அல்ல, நோய் என்பது தெரிகிறது. வாக்கியங்கள் அதேதான். காட்னிஸின் கோபத்துக்குப் பின்னாலும் ஆசிரியர் அந்த அம்மாவை நமக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

புத்தகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? அதே மூன்று புத்தகங்களின் உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதி, பகுதிக்கு ஒன்பது அத்தியாயம், மொத்தம் 27. மூன்றுக்கும் இதே கணக்கு. இது தெரிந்தபின் ஒன்பதாம், பதினெட்டாம் அத்தியாயங்களின் கடைசிப் பக்கங்களை மட்டும் எடுத்து வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கதை வேறு தடத்துக்கு மாறுவது கண்ணில் படும். கதை எழுத ஆசைப்படும் மாணவருக்கு இந்த ஒரு மணி நேரத்தைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

ஏன் திடீரென்று வடிவம் மாறியது? டைவர்ஜென்ட் தொடரின் முதல் இரண்டு புத்தகங்களில் ஒரே கதைசொல்லி. 2013-இல் வந்த மூன்றாவதில் இருவர் மாறி மாறிச் சொல்கிறார்கள். முதல் வாசிப்பில் எரிச்சலாக இருக்கலாம். முடிவு தெரிந்தபின் அதற்கான தேவை புரியும். அதைச் சரியாகச் செய்தாரா என்பது வேறு விஷயம். எனக்கு இரண்டு குரலும் ஒன்று போலவே கேட்டன.

எல்லாப் புத்தகத்தையும் மறுபடி படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே பாத்திரத்தைப் பின்தொடர்ந்து அவர் வரும் அத்தியாயங்களை மட்டும் படிக்கலாம். ஒலிப்புத்தகமாகக் கேட்கலாம், கண் தாவிப்போகும் வர்ணனைகளைக் காது தாவ முடியாது, அதனால் இரண்டாம் தடவைக்கு ஒலி ரொம்பப் பொருத்தம். வேறொரு மொழியில் படிக்கலாம். 

இதில் கேள்வியே இல்லாமல் படிக்கும் வாசிப்பும் உண்டு. மனசு சரியில்லாத நாளில் பழகிய புத்தகத்தின் பழகிய பக்கத்தைத் திறப்பது. அதற்கு எந்த நியாயமும் சொல்லத் தேவையில்லை. ஆனால் இது அந்த வாசிப்பு என்று தெரிந்து செய்யுங்கள். ஆறுதலுக்காக எட்டாம் தடவை படித்துவிட்டு 'நிறைய வாசிக்கிறேன்' என்று கணக்கில் சேர்த்தால் அது கொஞ்சம் ஏமாற்று வேலை.

எப்போது திரும்பப் படிப்பது? முதல் அத்தியாயத்தை உடனே. முழுத் தொடரை, ஆட்களின் பெயர்கள் நினைவிருந்து சம்பவங்களின் வரிசை கலங்கிப்போன பிறகு. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டு வருடம். அதற்குப் பின், நாயகரின் வயதை நீங்கள் தாண்டிய பிறகு இன்னொரு முறை. அப்போது நீங்கள் பேசாமல் கதையில் வரும் பள்ளி ஆசிரியர்கள் பக்கமும் பெற்றோர் பக்கமும் சாய்ந்திருப்பீர்கள்.

சில தொடர்கள் இந்தச் சோதனையில் தோற்கும். முதல் தடவை மூச்சுவிடாமல் படித்தது, இரண்டாம் தடவை அட்டைக் கோட்டையாகத் தெரியும். முடிச்சைத் தவிர உள்ளே ஒன்றும் இருந்திருக்காது. பரவாயில்லை, புத்தகத்தை மூடிவிடுங்கள். முதல் தடவை கிடைத்த சந்தோஷத்தை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

படி 7: தேர்வு, திரைப்படம், கைவிடுதல்

தேர்வுக் காலத்தில் புதுத் தொடர் வேண்டவே வேண்டாம். படித்துத்தான் ஆக வேண்டும் என்று கை பரபரத்தால் ஏற்கெனவே படித்ததை எடுங்கள். அடுத்து என்ன என்ற பதைப்பு இல்லாததால் 20 நிமிடத்தில் மூடிவைக்க முடியும். புதுப் புத்தகத்தில் அது நடக்காது.

திரைப்படம் இருந்தால், படித்த பிறகு பாருங்கள். ஒரு தடவை நடிகரின் முகம் மனதில் ஒட்டிவிட்டால் நீங்கள் கற்பனை செய்த முகம் திரும்ப வராது. ஹாரி பாட்டரிலும் ஹங்கர் கேம்ஸிலும் கடைசிப் புத்தகத்தை இரண்டு படங்களாகப் பிரித்தார்கள். எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று பார்க்காமலே ஊகித்துப்பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ஒரு தொடர் பிடிக்கவில்லையா? இரண்டாம் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை பொறுத்துப்பாருங்கள். முதல் புத்தகம் பிடித்து இரண்டாவது இழுப்பது சகஜம். நடுப் புத்தகங்களுக்கு உள்ள வியாதி அது. அதற்கு மேலும் ஆர்வம் வரவில்லை என்றால் விட்டுவிடலாம். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்பது மீதி ஐந்து புத்தகம் படிக்கக் காரணமாகாது.

படி 8: முடிந்த பிறகு அடுத்து எது?

பெரிய தொடர் முடிந்ததும் ஒரு வெறுமை வரும். உடனே 'இதைப் போன்ற 10 தொடர்கள்' பட்டியல்களில் போய் விழாதீர்கள். அவை பெரும்பாலும் மேலோட்டமான ஒற்றுமையை வைத்துப் போடப்பட்டவை: இதிலும் மந்திரப் பள்ளி, அதிலும் மந்திரப் பள்ளி. உங்களை உண்மையில் பிடித்து இழுத்தது எது என்று உங்கள் அரைப்பக்கத் தாள்களை வைத்துப் பாருங்கள். ரகசியங்களைப் பற்றியே நிறைய எழுதியிருந்தால் உங்களுக்கு வேண்டியது துப்பறியும் தொடர், மந்திரம் அல்ல. யார் யாரோடு சேர்ந்தார்கள், பிரிந்தார்கள் என்றே எழுதியிருந்தால் கற்பனை உலகமே இல்லாத நட்புக் கதைகூட ஒத்துவரும். உலகத்தின் விதிகள், வரைபடம், வரலாறு என்று எழுதியிருந்தால் எர்த்சீ பக்கம் போங்கள். அதன் முதல் புத்தகம் 1968-இல் வந்தது, மந்திரவாதிகளுக்கான பள்ளி அதிலேயே இருக்கிறது.

அடுத்த தொடரை முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து படியுங்கள். அவரவர் வேகத்தில் போகலாம். ஒரே ஒரு ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் இருவரும் எந்த அத்தியாயத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பின்தங்கியவர் இருக்கும் அத்தியாயத்தைத் தாண்டி முன்னே போனவர் வாய் திறக்கக் கூடாது, 'நீ இன்னும் கொஞ்சம் படி, அப்புறம் பேசலாம்' என்ற பூடகச் சிரிப்பு உட்பட. ஏற்கெனவே படித்து முடித்தவரோடு, நீங்கள் முதல் தடவையும் அவர் இரண்டாம் தடவையுமாகச் சேர்ந்து படிக்கிறீர்கள் என்றால், அவர் எந்தப் பக்கத்தில் நிதானித்துப் படிக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்க்காதீர்கள். எங்கே முடிச்சு இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.